உதட்டுப் படங்கள்

கட்டி பரவியிருப்பதால் கீழ்த்தாடையின் இடப்பக்க எலும்பை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது பெரியவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அதுக்கப்புறம் என் உதடு எப்படி அசையும்?”

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். கால் எலும்பில் ஒரு துண்டு எடுத்து அங்கே பொருத்துவோம், சாப்பிடலாம், பேசலாம், ஆனால் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், பழைய மாதிரி இருக்காது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். சின்னவள், அதாவது தங்கை, சுவரோரம் நின்றிருந்தாள். அக்கா ஏன் அதைக் கேட்டாள் என்று இருவருக்குமே தெரியும்.

பெரியவள் காது கேளாத குழந்தைகளின் பள்ளியில் ஆசிரியை. அவளிடம் வந்து சேர்கிற பிள்ளைகளுக்குப் பேச்சு என்பது கண்ணால் பார்க்கிற பொருள். அவள் உதடு குவிந்தால் உ, விரிந்தால் இ, முழுசாகத் திறந்தால் ஆ. ப-வும் ம-வும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால் ம சொல்லும்போது மூக்கில் விரலை வைத்துக் காட்டுவாள். பிள்ளைகள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, அவள் வாயையும் தங்கள் வாயையும் மாறி மாறிப் பார்த்துப் பழகுவார்கள். வகுப்பில் மாட்டியிருந்த அச்சடித்த படங்களில் இருந்தது ஏதோ ஒரு பொம்மை வாய். அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து வரும்போதே அக்கா தங்கையிடம் கேட்டாள். “குட்டி, என் வாயைப் படம் எடுத்துக் குடுப்பியா? எல்லா எழுத்துக்கும். பெருசா, சுவத்துல மாட்டுற மாதிரி. நான் திரும்பி வர வரைக்கும் பிள்ளைங்க அதைப் பாத்துட்டு இருக்கட்டும்.”

திரும்பி வருகிறபோது அந்த வாய் இருக்காது என்பதை இருவருமே சொல்லவில்லை.

சின்னவளுக்கு அதுதான் தொழில். கம்பெனி ஊழியர்கள், பட்டம் வாங்கும் மாணவர்கள், புதிதாகச் சேர்ந்த நர்சுகள் என்று ஆள் படம் எடுத்துப் பிழைப்பவள். ஆனால் ஒரு மழைநாளில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து, வலது முன்கையில் பிளேட் வைத்துக் கட்டியிருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, உள்ளங்கை மட்டும் திரும்பவில்லை. சாவி திருப்ப இடது கை, குழாய் திறக்க இடது கை. கேமராவைப் படுக்கை வாட்டில் பிடிக்கலாம். நெடுக்கு வாட்டில் பிடிக்கக் கை வளையாது. ஆள் படத்துக்கோ நெடுக்குதான் வேண்டும். அவளைத் தொழிலில் நிறுத்தி வைத்திருந்தது கேமராவின் அடியில் மாட்டியிருந்த பேட்டரி கிரிப். இரண்டு பேட்டரி பிடிக்கிற கட்டை அது. அதன் ஓரத்தில் இன்னொரு ஷட்டர் பட்டன் இருக்கும். கேமராவை எழுப்பி நிறுத்தினாலும் அந்தப் பட்டன் விரலுக்கு நேராக வந்துவிடும், கை திரும்ப வேண்டியதில்லை.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்த வாரத்திலேயே அந்த கிரிப் உடைந்தது. ஓர் அலுவலகத்தில் விளக்குத் தண்டில் யாரோ கால் இடற, கேமரா தரையில் விழுந்தது. கேமராவுக்குக் கீறல்தான். கிரிப்பின் தலை முறிந்து உள்ளே இருந்த கம்பிகள் வெளியே வந்துவிட்டன.

அவள் முதலில் கம்பெனியின் விற்பனை நிலையத்துக்குப் போன் செய்தாள். அந்த மாடலுக்கு கிரிப் செய்வதையே நிறுத்திவிட்டோம், எங்காவது மிச்சம் இருந்தால் தருவித்துத் தருகிறோம், சில வாரம் ஆகும் என்றார்கள். அக்காவுக்கு வாரங்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் சேரச் சொன்ன நாளுக்கு முன்னால் இரண்டு பகல்தான் மீதி இருந்தது.

இனி இருந்தது இரண்டு வழி. கேமராக் கடையில் வேறு ஏதோ கம்பெனி செய்த கிரிப் புத்தம் புதிதாக, பெட்டியோடு இருந்தது. ஊரின் மறுகோடியில் கடையை மூடிவிட்ட ஒரு ஸ்டூடியோக்காரரிடம் ஒரிஜினல் ஒன்று பழசாக இருந்தது. அவரோ போனில் எதையும் மறைக்கவில்லை. ரப்பர் உரிந்து ஒட்டும், ஒரு பக்கம் பசை போட்டு வைத்திருக்கிறேன், வந்து பார்த்துப் பிடித்தால் எடுத்துக்கொள் என்றார்.

கேமராக் கடைக்காரர் இவளுக்குப் பல வருடப் பழக்கம். புதியதை எடுத்து அவள் கேமராவில் மாட்டிக் காட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. அவளிடம் இருந்த ஒரு பேட்டரியைப் போட்டு, கேமராவை நெடுக்கில் திருப்பி, தெருவைப் பார்த்துப் பத்துப் பதினைந்து படம் எடுத்தாள். ஒரு குறையும் இல்லை.

“நிறையப் பேர் இதைத்தான் வச்சிருக்காங்கம்மா,” என்றார் கடைக்காரர். “சிலருக்கு வருஷக்கணக்கா ஓடுது. சிலர் மறுநாளே கொண்டு வந்து நிக்கிறாங்க. ஒரிஜினல்னா நான் கண்ணை மூடிட்டுக் குடுப்பேன். இதுக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாது.”

அவள் கடை வாசலில் நின்று யோசித்தாள். அந்தப் பழசை யார் யார் கையாண்டார்களோ, எத்தனை முறை விழுந்ததோ. இது யார் கையும் படாதது. மாட்டியும் பார்த்தாயிற்று. மறுகோடிக்குப் போய்த் திரும்பினால் பகல் போய்விடும். மதியம் போடுகிற வலி மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் மட்டும்தான் அக்காவால் வாயை நன்றாகத் திறக்க முடிந்தது. அத்தான் போன் செய்து, வேண்டுமானால் நான் போய் அந்தப் பழசை வாங்கி வருகிறேன் என்றார். நீங்கள் அக்கா பக்கத்தில் இருங்கள், இதுவே போதும் என்று சொல்லிவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டாள்.

அக்கா வீட்டில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு, பின்னால் சாம்பல் நிறப் போர்வையைத் தொங்கவிட்டார்கள். அத்தான் ஏற்கனவே போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தார். பக்கத்தில் வைத்து எடுத்ததால் அதில் மூக்கு பெருத்து, வாய் வளைந்து தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அக்கா இன்னும் பிடிவாதமாக இருந்தாள்.

சின்னவள் கிரிப்பில் இரண்டு பேட்டரியையும் போட்டாள். திரையில் பேட்டரிக் குறி நிறைந்து காட்டியது, பிறகு காலி என்றது, மறுபடியும் நிறைந்தது. அவள் அதைப் பார்த்தாள். புதுசுதானே, பழகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பெரியவள் தலைமுடியை இறுகக் கட்டி, உதட்டில் மெல்லிய சாயம் பூசி, வகுப்பில் உட்காருகிற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். அ சொன்னாள். ஆ சொன்னாள். ஆ-வுக்கு வாய் திறந்தபோது அவள் கண்ணோரம் சுருங்கியதைச் சின்னவள் லென்ஸ் வழியாகப் பார்த்தாள். வலியில் அக்கா லேசாகச் சாய்வாள், நிமிர்வாள். அதனால் ஸ்டாண்டில் வைக்காமல் கையில் பிடித்தே அவள் முகத்தைத் தொடர்ந்தாள். ஒவ்வொன்றையும் பல முறை எடுத்தார்கள். ஊ முடிந்ததும் கேமரா சட்டென்று அணைந்தது.

சின்னவள் கிரிப்பைக் கழற்றி, தகடுகளைத் துணியால் துடைத்து, திருகை இறுக்கி மாட்டினாள். உயிர் வந்தது. கைமாற்றாக யாரிடமாவது வேறு கேமரா கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அக்கா அதற்குள் அடுத்த எழுத்துக்கு உதட்டைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

எ, ஏ, ஐ. ஒ-வுக்கு உதட்டைக் குவித்தபோது அக்காவின் தாடை நடுங்கியது. மூக்கில் விரல் வைத்து ம சொன்னாள். நாக்கைப் பல்லில் வைத்து த சொன்னாள். பிள்ளைகள் எப்போதும் தடுமாறுகிற எழுத்து ழ. நாக்கு மடிவது தெரிய வேண்டும் என்று வாயை அகலத் திறந்து, அப்படியே பிடித்து நின்றாள். கன்னத்தில் நீர் வழிந்தது. அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். நடுவில் இன்னொரு முறை கேமரா அணைந்தது. பேட்டரிகளை மாற்றிப் போட்டுத் தொடர்ந்தாள். நிறுத்து என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் அந்த வாய் மறுபடி திறக்குமா என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசி எழுத்தில் மூன்றாவது முறை அணைந்தது. கார்டில் படம் பதிவாகும்போது எரிகிற சிவப்பு விளக்கு அந்த நேரம் எரிந்துகொண்டிருந்தது. மறுபடி உயிர் கொடுத்தபோது, கார்டைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. கழற்றி மாட்டினாள். அதே வாசகம்.

அக்கா நாற்காலியில் கண் மூடிச் சாய்ந்திருந்தாள். கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு கேட்டாள். “எல்லாம் வந்துருச்சா?”

“வந்துருச்சுக்கா.”

அக்கா தலையை ஆட்டிவிட்டு, அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு படுக்கைக்குப் போனாள்.

மறுநாள் காலை கடை திறக்கிற நேரத்துக்கே சின்னவள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஒரு பெண்ணிடம் கார்டைக் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவசரப்படாமல் ஏதேதோ போட்டுத் தேடினாள். திரையில் ஒவ்வொன்றாகப் படங்கள் வரத் தொடங்கின. அ வந்தது, ஆ வந்தது, ஊ வரை வந்தது. சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள். அதற்கப்புறம் வந்ததெல்லாம் பாதிப் படங்கள். நெற்றியும் கண்ணும் தெளிவாக இருக்கும், மூக்குக்குக் கீழே சாம்பல் பட்டை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இன்னொன்று, இன்னொன்று, எல்லாம் அப்படியே. ழ-வின் படத்தில் அக்காவின் கண்ணிலிருந்து நீர் இறங்கி, பட்டையின் விளிம்பில் நின்றிருந்தது.

“இதுக்கு மேல வராதுக்கா,” என்றாள் அந்தப் பெண். “முக்கியமான ஆளா?”

சின்னவள் தெருவுக்கு வந்து ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறி, ஊரின் மறுகோடிக்குப் போய், ஸ்டூடியோக்காரரிடம் அந்தப் பழைய கிரிப்பை வாங்கினாள். எதற்காக இவ்வளவு அவசரம் என்று அவர் கேட்டார். ஓர் ஆள் படம் எடுக்கணும் என்றாள். கேமராவில் மாட்டி, இரண்டு பேட்டரியும் போட்டு, அவர் வீட்டு மாடிப்படியைச் சலிக்கச் சலிக்க எடுத்தாள். உரிந்த ரப்பர் உள்ளங்கையில் ஒட்டியது. ஒரு முறைகூட அணையவில்லை. அது அணையவில்லையே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. கட்டிலில் துணிப்பை பாதி அடுக்கியிருந்தது. சின்னவள் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று நடந்ததைச் சொன்னாள். குறி மாறி மாறிக் காட்டியதை, முதல் முறை அணைந்ததை, வந்துருச்சு என்று பொய் சொன்னதை, எதையும் விடவில்லை.

பெரியவளுக்குக் குரல் எழும்பவில்லை, பல்லிடுக்கில் வந்தது.

“முதல் தடவை ஆஃப் ஆனப்பவே ஏன்டி நிறுத்தல?”

“உனக்கு வலிக்குமேன்னு...”

“வலி எனக்குத்தானே. உனக்கென்ன வந்துச்சு? நான் தாங்கிட்டு உக்காந்திருந்தேன்ல.” அவள் தலையணையை எடுத்துச் சுவரில் எறிந்தாள். அது போய் மெதுவாகத்தான் விழுந்தது. “அத்தான் போய் வாங்கிட்டு வரேன்னு சொன்னாரே. ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டியா?”

அத்தான் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் தலையணையை எடுத்து உறையைச் சரிசெய்தார்.

சின்னவள் பழைய கிரிப் மாட்டிய கேமராவைப் பையிலிருந்து எடுத்தாள். இது சரியா வேலை செய்யுதுக்கா, ஒரே ஒரு தடவை, என்றாள். கேட்கும்போதே தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பெரியவள் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மாத்திரை போட்டு நேரமாகி, அதன் வேலை குறைந்திருந்தது. வாயைத் திறந்தாள். இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு மேல் அது திறக்கவில்லை. நேற்றைய உழைப்பில் தாடை இறுகிப்போயிருந்தது. கையால் தாடையைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தாள். தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. சின்னவள் கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்க்கா. விட்டுரு. விட்டுரு.”

இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். சின்ன வயதில்கூட ஒன்றாக இப்படி அழுததில்லை. எப்போதும் ஒருத்தி அழுதால் இன்னொருத்தி பழிப்புக் காட்டுவாள்.

முதலில் எழுந்தது பெரியவள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தங்கையின் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, மோவாயைப் பிடித்து, பிள்ளைகளைப் பார்ப்பது போல் உற்றுப் பார்த்தாள்.

“உக்காரு,” என்றாள்.

“எங்க?”

“நாற்காலில. உன் வாயும் என் வாயும் அம்மா வாய்தான். மிச்சத்துக்கு நீ உக்காரு.”

சின்னவள் மறுத்தாள். அவள் பேசினால் வீட்டாருக்கே பாதி புரியாது. வாய்க்குள்ளேயே பேசுகிற ஆள். ஒரு முறை பள்ளி விழாவுக்குப் படம் எடுக்கப் போனபோது, இந்த அக்கா வாயில் கதவு இல்லை, வெறும் சுவர் என்று பிள்ளைகள் சைகையில் சொல்லிச் சிரித்திருந்தார்கள். பெரியவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி நெடுக்கில் திருப்பச் சொல்லி அத்தானை ஏவிவிட்டு, பட்டனை எங்கே அழுத்த வேண்டும் என்று மட்டும் தங்கையிடம் கேட்டுக்கொண்டாள்.

மீதிப் பகல் முழுக்கப் பாடம் நடந்தது. ஒ-வுக்கு இவ்வளவு குவிக்காதே, அது ஊ ஆகிவிடும். பல்லைக் காட்டாதே. மூக்கில் விரலை இன்னும் மேலே. பேச்சு வலித்தபோது பெரியவள் விரலால் தங்கையின் உதட்டைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தாள். சின்னவளுக்கு உதடு வறண்டு வெடித்தது. ழ வரவே இல்லை. நாக்கு மடிந்தால் வாய் மூடிக்கொண்டது, வாய் திறந்தால் நாக்கு நேராகிவிட்டது.

“அழுதுட்டே செஞ்சா எப்படி வரும்? மூக்கை உறிஞ்சு. திற. நாக்கு மட்டும்தான் மடியணும்.”

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஒரு முறை சரியாக வந்தது. பெரியவள் பட்டனை அழுத்தினாள். திரையில் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, அடுத்த எழுத்து என்றாள். அவள் கோபம் போய்விட்டதா என்று சின்னவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் காலையில் தொடங்கிச் சாயங்காலம்தான் முடிந்தது. வெளியே பெஞ்சில் அத்தானும் சின்னவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிழைத்துவிட்டாள் என்று டாக்டரம்மா வந்து சொன்னபோது அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போய்ப் பார்க்க அனுமதித்த அன்று, கழுத்தில் குழாயோடும் வீங்கிய முகத்தோடும் படுத்திருந்தவளைச் சின்னவள் முதலில் வேறு யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சின்னவள் படங்களைப் பெரிதாக அச்சடித்துப் பள்ளிக்குக் கொடுத்தாள். முதல் வரிசையில் அக்காவின் வாய், மற்றதெல்லாம் சின்னவள் வாய். வகுப்பைப் பார்த்துக்கொண்ட புது ஆசிரியை, பிள்ளைகள் கொஞ்ச நாள் முதல் வரிசைப் படங்களை மட்டும்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள் என்று சொன்னாள். மற்றவற்றுக்குப் பழகக் காலம் எடுத்தது.

பல மாதங்கள் கழித்துப் பெரியவள் பள்ளிக்குப் போனாள். சின்னவளும் கூடப் போனாள். பெரியவளின் கீழுதடு இடப்பக்கம் இழுத்திருந்தது, வாய் முழுசாக மூடவில்லை, பேச்சு குழறியது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள், பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்கள். அவள் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். எல்லாக் கண்களும் அவள் உதட்டில் நின்றன. ஒருவருக்கும் புரியவில்லை. கடைசியாக நின்ற பையன் புது ஆசிரியையின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். பெரியவள் மறுபடி சொன்னாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் தரையைப் பார்த்தாள்.

அப்போது வகுப்பிலேயே சிறியவளான ஒரு பெண் முன்னால் வந்தாள். ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். பெரியவளின் தொண்டையில், தையல் தழும்புக்குப் பக்கத்தில், உள்ளங்கையைப் பதித்தாள். பேசு என்பது போலத் தலையை ஆட்டினாள்.

பெரியவள் அந்தச் சிறுமியின் பெயரைச் சொன்னாள்.

சிறுமி கண்ணை மூடிக்கொண்டு கையில் வந்த அதிர்வைக் கவனித்தாள். பிறகு கண்ணைத் திறந்து, இல்லை, புரியவில்லை என்று தலையசைத்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

பெரியவள் இன்னொரு முறை சொன்னாள்.